நீரிணையிலும் நெடுங்கடலிலும்: கடல் அட்டை வாழும் இடங்கள்

1951ஆம் ஆண்டு ஜூலை மாதம் டென்மார்க் நாட்டின் 'கலதியா' ஆய்வுக் கப்பல் பிலிப்பைன்ஸ் அகழிக்கு மேலே நின்று, 10,000 மீட்டருக்கும் கீழே வலையை இறக்கியது. அந்த ஆழத்தில் வெயில் கிடையாது. தண்ணீர் கடுங்குளிர். நீரின் அழுத்தமோ கரையில் நம்மேல் இருக்கும் காற்றழுத்தத்தைவிட ஆயிரம் மடங்கு. அங்கே உயிர்கள் இருக்கின்றனவா என்பதற்கு அதுவரை உறுதியான சான்று இல்லை. வலை மேலே வந்தபோது அதில் கடல் சாமந்தியும் சிப்பியும் இருந்தன. கூடவே கடல் அட்டையும் இருந்தது.

நம் மலாக்கா நீரிணை அதற்கு நேரெதிரானது. நீரிணையின் தென்பகுதியில் ஆழம் 37 மீட்டரைத் தாண்டுவதே அரிது. பெரும்பாலும் 27 மீட்டர் அளவில்தான் தரை தட்டிவிடும். ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான தண்ணீர், ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சேறு, ஓயாமல் போய்வரும் கப்பல்கள். இங்கும் கடல் அட்டை வாழ்கிறது.

இவ்வளவு மாறுபட்ட இரண்டு இடங்களில் ஒரே உயிரினக் குலம் எப்படிக் குடியிருக்க முடிகிறது? எங்கும் வாழத் தெரிந்த இந்த உயிர், பல கரைகளில் ஒரே தலைமுறைக்குள் ஏன் காணாமல் போகிறது? இரண்டு கேள்விகளுக்கும் விடை அது வாழும் தரையிலேயே இருக்கிறது.

மலாக்காத் தமிழர்களில் பலருக்குக் கடல் அட்டை புட்டியில்தான் அறிமுகம். அசகான், ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு வேனில் போய்வரும் போர்ட் டிக்சன். ஆனால் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் மருந்துக் கடையிலும் விற்கும், கடல் அட்டையிலிருந்து எடுக்கும் காமாட் எண்ணெய் வீட்டு அலமாரிவரை வந்துவிட்டது. வெட்டுக்காயத்துக்கும் மூட்டு வலிக்கும் அதைத் தடவுவோர் நம்மிடையே உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்கு ஆயர் காமாட் என்னும் காமாட் நீர் கொடுப்பது மலாய்க் குடும்பங்களில் பழைய வழக்கம். அந்தப் புட்டிக்குள் இருக்கும் உயிர் எங்கே, எப்படி வாழ்ந்தது என்பது மட்டும் அதனோடு வருவதில்லை.

முள்தோலிகளின் குடும்பம்

ரப்பர்க் காட்டில் காலைப் பிடித்து இரத்தம் குடிக்கும் அட்டைக்கும் கடல் அட்டைக்கும் உறவு கிடையாது. கடல் அட்டை முள்தோலி வகையைச் சேர்ந்தது. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் அதன் உறவினர்கள். உலகில் இதுவரை ஏறத்தாழ 1,700 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அரிசியளவு சிறியவை முதல் மூன்று மீட்டர் நீளம் வளரும் சைனாப்டா வரை அவற்றில் அடக்கம்.

அதற்கு மூளை இல்லை, கண் இல்லை, எலும்பும் இல்லை. தோலுக்குள் மட்டும் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துணுக்குகள் புதைந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் சில இனங்களில் அவை மேசை வடிவிலும், சிலவற்றில் சட்டைப் பொத்தான் வடிவிலும், சைனாப்டா போன்றவற்றில் அச்சு அசலாக நங்கூர வடிவிலும் இருக்கும். கையில் எடுக்கும்போது சைனாப்டா தோலில் ஒட்டிக்கொள்வது அந்த நங்கூரங்களால்தான். இரண்டு கடல் அட்டைகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் இந்தத் துணுக்குகளை வைத்து ஆய்வாளர்கள் இனத்தைப் பிரித்தறிகிறார்கள்.

வாயைச் சுற்றி உணர்கொம்புகள் இருக்கும். மறுமுனையில் உள்ள ஆசனவாய் வழியாக நீரை உள்ளே இழுத்து, உடலுக்குள் மரம்போல் கிளைத்திருக்கும் உறுப்பின் மூலம் மூச்சு விடுகின்றன பெரும்பாலான இனங்கள். எதிரி தொட்டால் சில இனங்கள் பசைபோன்ற வெள்ளை நூல்களைப் பீய்ச்சும். இன்னும் சில தம் குடலையே வெளியே தள்ளிவிட்டுத் தப்பும்; பிறகு சில வாரங்களில் புதுக் குடல் வளர்ந்துவிடும்.

உப்பு வகுத்த எல்லை

துருவக் கடல் முதல் நிலநடுக்கோடு வரை எல்லாப் பெருங்கடலிலும் கடல் அட்டை உண்டு. ஆறு, ஏரி, குளம் எதிலும் ஓர் இனம்கூடக் கிடையாது. அதன் உடலுக்குள் இருக்கும் திரவத்தின் உப்பளவு வெளியே உள்ள கடல்நீரின் உப்பளவோடு ஏறக்குறைய ஒத்திருக்கும். மீனுக்கு இருப்பதுபோல் உப்பைச் சமப்படுத்தும் சிறுநீரகம் அதற்கு இல்லை. தண்ணீரில் உப்பு குறைந்தால் உடல் ஊதிப் பாதிக்கப்படும். சிறிதளவு குறைவைத் தாங்கும் இனங்கள் உண்டு. நன்னீரைத் தாங்குவது ஒன்றுமில்லை. அதனால் லிங்கி, மலாக்கா, கெசாங் ஆறுகள் கலக்கும் முகத்துவாரங்களைவிட, அவற்றிலிருந்து விலகிய பாறைத் திட்டுகளும் மணல் தரைகளும்தான் அதற்கு ஏற்ற இடம்.

அந்த எல்லைக்குள் அது எங்கே குடியேறும் என்பதை முடிவு செய்வது சாப்பாடு. கடல் அட்டைகளில் இரண்டு பெரிய பிரிவுகளைக் காணலாம்: மண்ணைத் தின்பவை, தண்ணீரை வடிகட்டித் தின்பவை.

வெப்பக் கடல்களில் நாம் காணும் பெரிய அட்டைகளில் பெரும்பாலானவை மண்ணைத் தின்பவை. உணர்கொம்பால் மணலை ஒற்றி எடுத்து விழுங்கும். மணலில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா, நுண்பாசி, மக்கிய துகள்கள் ஆகியவற்றைச் செரித்துக்கொண்டு, சுத்தமான மணலைப் பின்பக்கம் வெளியேற்றும். பவளப்பாறைகளுக்கு நடுவே உள்ள மணல் திட்டு, கடற்புல் படுகை, சேறு கலந்த விரிகுடா ஆகியவை இவற்றின் வீடு. இந்தியப் பெருங்கடலும் மேற்குப் பசிபிக்கும் சேரும் நம் பகுதியில்தான் ஆழம் குறைந்த நீரில் வாழும் இனங்கள் மிக அதிகம். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மன்னார் வளைகுடா, அந்தமான், சபா, ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு, பசிபிக் தீவுகள் என்று இந்தச் சங்கிலி நீள்கிறது.

குளிர்க் கடல்களில் வடிகட்டித் தின்பவை செழித்திருக்கும். கனடாவின் நியூபவுண்ட்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே கரைகளில் வாழும் குக்குமேரியா பிரண்டோசா என்ற கருநிற இனம் பாறையை இறுகப் பிடித்துக்கொண்டு பத்து உணர்கொம்புகளை மரக்கிளைபோல் நீரோட்டத்தில் விரிக்கும். மிதந்து வரும் நுண்ணுயிர்கள் அதில் சிக்கியதும் ஒவ்வொரு கொம்பாக மடக்கி வாய்க்குள் விட்டு, உணவை வழித்துத் தின்றபின் மறுபடி விரிக்கும். ஒரு கொம்பு உள்ளே போனால் மற்றவை வெளியே காத்திருக்கும். ஜப்பான், கொரியா, வடசீனா, ரஷ்யாவின் கிழக்குக் கரை ஆகிய இடங்களின் குளிர்நீரில் வாழும் அப்போஸ்டிகோபஸ் ஜப்பானிகஸோ மண்ணைத் தின்பது. சீனர்களின் விருந்தில் முதலிடம் பிடிக்கும் இந்த இனத்தைச் சீனா பெரும் பண்ணைகளில் வளர்க்கிறது.

ஆழ்கடலில் கதை வேறு. மேற்பரப்பில் இறந்த நுண்ணுயிர்களும் கழிவும் துகள்துகளாக மெதுவாகக் கீழே இறங்கித் தரையில் படிகின்றன. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துச் சேற்றில் கிடைக்கும் முக்கிய உணவு அதுவே. சேற்றைத் தின்று வாழத் தெரிந்தவர்களுக்கு அது போதும். அதனால்தான் ஆழ்கடல் சமவெளிகளிலும் அகழிகளிலும் தரைவாழ் பெரிய உயிர்களின் மொத்த எடையில் கடல் அட்டையின் பங்கு மிகப் பெரியது. அங்கே கடல் பன்றி என்று அழைக்கப்படும் ஸ்கோட்டோபிளேன்ஸ் தடித்த கால்களால் கூட்டம் கூட்டமாக நடந்து மேய்கிறது. எனிப்னியாஸ்டிஸ் என்ற செந்நிற இனம் தரையில் தின்றுவிட்டு, உடலை விரித்து நீந்தி எழும்பி இன்னோர் இடத்தில் இறங்குகிறது. தரையையே தொடாமல் நடுக்கடலில் மிதந்து வாழும் பெலகோதூரியா என்ற இனமும் உண்டு.

நம் நீரிணையின் தரை

20,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது உலகின் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. 30 மீட்டர் ஆழமே உள்ள நீரிணையின் தென்பகுதி அப்போது தரை. மலாக்கா இருக்கும் இடத்திலிருந்து சுமத்திராவுக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகிக் கடல் ஏறிய பிறகுதான் இங்கே கடல்வாழ் உயிர்கள் குடியேறின. நிலவியல் கணக்கில் நீரிணையின் கடல் அட்டைகள் எல்லாம் நேற்று வந்த குடிகள்.

அவை இங்கே சீராகப் பரவியிருக்கவில்லை. நீரிணையின் வடமுனையில், அந்தமான் கடலின் நீர் கலக்கும் லங்காவியும், அதற்குத் தெற்கே பங்கோர் தீவும் காமாட்டுக்குப் பேர்போனவை. காமாட் என்று மலாய்க்காரர்கள் சிறப்பித்துச் சொல்வது ஸ்டிகோபஸ் பேரினத்தைச் சேர்ந்த அட்டைகளை. அவற்றில் ஸ்டிகோபஸ் ஹாரென்ஸ் பகலில் பாறை இடுக்கிலும் உடைந்த பவளக் கற்களுக்கு அடியிலும் பதுங்கியிருந்து இரவில்தான் வெளியே வரும். தண்ணீரிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வைத்தாலே அதன் உடல் குழைந்து கரையத் தொடங்கும். லங்காவியின் சேற்றுக் கரைகளில் புதைந்து வாழும் வேறோர் இனத்தைப் புரோனோக் என்று தோண்டி எடுத்து, தேங்காயும் மிளகாயும் சேர்த்துக் கெராபு செய்து சாப்பிடுகிறார்கள்.

மலாக்கா மாநிலத்தின் கரை பெரும்பாலும் சேறு. அந்தச் சேற்றின் ஒரு பங்கு நம் தோட்டங்களிலிருந்தும் வந்தது. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். அடுத்து அசகானில் பெரிய தோட்டம் எழுந்தது. காடு அழிந்து குன்றுகள் திறந்தபோது மழையில் கரைந்த செம்மண் ஆறுகளில் இறங்கியது. நம் முன்னோர் கொத்திய மண் கடல்வரை பயணம் செய்திருக்கிறது.

இந்தக் கலங்கல் நீரில் நுண்ணுயிர்கள் நிறைய. கெராகாவ் என்னும் சின்னஞ்சிறு இறால் கூட்டம் கூட்டமாக வருவதும், அதைப் புளிக்கவைத்து மலாக்காவின் சிஞ்சாலோக் தயாராவதும் அதனால்தான். கலங்கல் நீர் வடிகட்டித் தின்னும் சிறு அட்டைகளுக்கும் புதைந்து வாழும் அட்டைகளுக்கும் ஒத்துவரும். வெளிச்சத்தை நம்பும் பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் ஒத்துவராது. எனவே பவளத்தையும் கடற்புல்லையும் சார்ந்த பெரிய அட்டைகளுக்கு இங்கே இடம் குறுகல். நெகிரி செம்பிலான் கரையில் இருந்தும் மலாக்காவுக்குச் சொந்தமான தஞ்சோங் துவான் முனை, அதன் பக்கத்துத் தெலுக் கெமாங், உம்பாய்க்கு எதிரேயுள்ள பூலாவ் பெசார் போன்ற பாறை முனைகளும் தீவுகளும் அதனால் மிக முக்கியமாகின்றன. சேற்றுக் கரையின் நடுவே கடினமான தரை உள்ள சில இடங்களில் ஒவ்வொன்றும் ஒரு புகலிடம். மலாக்கா ராயா, கோத்தா லக்சமானா, கிளேபாங் என்று கடலைத் தூர்த்து எழுப்பிய நிலங்கள் கூடக் கூட, கடல் தரையில் வாழும் எல்லா உயிர்களுக்கும் இடம் சுருங்குகிறது.

ஒரு வெள்ளை அட்டையின் பயணம்

எல்லா அட்டைகளிலும் தமிழ்க் கரைகளுக்கு மிக நெருக்கமானது ஹோலோதூரியா ஸ்காப்ரா. இராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை மீனவர்கள் வெள்ளை அட்டை என்பது இதைத்தான். இந்தோனேசியா, மலேசியா, பசிபிக் தீவுகள்வரை இதன் வாழிடம் பரந்திருக்கிறது.

முட்டையிடும் நேரம் வந்ததும் ஆண் அட்டை உடலின் முன்பாதியை மணலிலிருந்து தூக்கி, இப்படியும் அப்படியுமாக அசைந்து விந்தணுவை நீரில் விடும். அது அருகில் இருக்கும் மற்ற அட்டைகளைத் தூண்டும். பெண் அட்டைகள் லட்சக்கணக்கில் முட்டைகளை வெளியேற்றும். கருவுறுதல் தண்ணீரிலேயே நடக்கும். பிறக்கும் இளவுயிரி கண்ணாடிபோல் நிறமற்றது. ஏறத்தாழ இரண்டு வாரம் நீரோட்டத்தோடு மிதந்து, நுண்பாசிகளைத் தின்று, இரண்டு முறை உருமாறும். பிறகு ஒரு கடற்புல் இலையைத் தேடி ஒட்டிக்கொள்ளும். இலைமேல் படிந்த நுண்பாசிப் படலத்தைத் தின்று சில வாரங்களில் ஒரு சென்டிமீட்டர் அளவு வளர்ந்ததும் மணலில் இறங்கிவிடும். அதன்பின் பகலில் மணலுக்குள் புதைவதும் மாலையில் வெளிவந்து மேய்வதும்தான் வாழ்க்கை. ஒரு நாளில் நகர்வது சில மீட்டர்தான்.

உலகமெங்கும் பரவியது எப்படி என்பதற்கு விடை அந்த இரண்டு வார மிதப்பில் இருக்கிறது. எளிதில் அழிவது எப்படி என்பதற்கும் இங்கேதான் விடை. இளவுயிரி இறங்கும் இடத்தில் கடற்புல் இருந்தாக வேண்டும். வளர்ந்த ஆணும் பெண்ணும் அருகருகே இருந்தாக வேண்டும். பத்து மீட்டருக்கு ஒன்று என்று சிதறிவிட்டால் விந்தணு நீரில் கரைந்துபோகும், முட்டை கருவுறாது. கடலில் அட்டைகள் இருந்தும் குஞ்சு பிறக்காத நிலை வரும். ஆயிரம் மடங்கு அழுத்தத்தைத் தாங்கக் கற்ற குலத்துக்கு, அக்கம்பக்கத்தில் துணையின்றி வாழும் வழி தெரியாது.

அட்டை போனால் என்ன ஆகும்?

தோட்டத்து மண்ணை மண்புழு கிளறி வளமாக்குவதுபோல் கடல் தரையைக் கடல் அட்டை பதப்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் ஹெரன் தீவுப் பவளத்திட்டில் ஆய்வாளர்கள் டிரோன் படங்களைக் கொண்டு அட்டைகளை எண்ணினார்கள். ஏறத்தாழ 30 லட்சம் அட்டைகள் அந்த ஒரு திட்டில் ஆண்டுக்கு 64,000 டன் மணலைத் தின்று வெளியேற்றுகின்றன என்று 2021இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அட்டையின் குடல் வழியே போகும்போது சுண்ணாம்பு மணலின் ஒரு பகுதி கரைகிறது. அது பவளம் வளர உதவும் வேதிப்பொருளாக நீருக்குத் திரும்புகிறது. கழிவில் உள்ள அம்மோனியா பாசிக்கும் கடற்புல்லுக்கும் உரம்.

பசிபிக்கின் மோரியா தீவில் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. சில மணல் திட்டுகளில் அட்டைகளை அகற்றியும், சிலவற்றில் விட்டுவைத்தும் இரண்டிலும் பவளக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். அட்டை இல்லாத திட்டில் பவளங்கள் நோய்ப்பட்டு இறந்த அளவு ஏறத்தாழ 15 மடங்கு அதிகம். மணலில் பெருகும் நுண்ணுயிர்களை அட்டைகள் தின்று கட்டுப்படுத்துவதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாம் பிடித்து அகற்றும் அட்டையோடு, பவளத்துக்கும் அதை நம்பிய மீனுக்கும் இருந்த பாதுகாப்பு போகிறது.

மன்னார் தரும் பாடம்

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடல் அட்டைத் தொழில் மிகப் பழையது. சீனச் சந்தைக்காகவே நடந்தது. குடலெடுத்து வேகவைத்து, ஈர மணலில் புதைத்துத் தோலின் சுண்ணாம்பை இளக்கித் தேய்த்தெடுத்து, மீண்டும் வேகவைத்து வெயிலில் காயவைப்பார்கள். உயிரோடு இருந்த எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். உலர்ந்த தரமான வெள்ளை அட்டைக்கு ஹாங்காங்கில் கிலோவுக்குப் பல நூறு அமெரிக்க டாலர் கிடைக்கும். அந்த விலையே அதற்கு எமனானது.

1982இல் இந்திய அரசு 7.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த உலர் அட்டையை ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. 1988இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டி.பி. ஜேம்ஸ் தலைமையிலான குழு வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்துக் காட்டியது. பல நாடுகளின் குஞ்சுப் பண்ணைகளுக்கு அது வழிகாட்டியது. ஆனால் கடலில் சரிவு நிற்கவில்லை. 2001இல் எல்லாக் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குள்ள அதே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 2020இல் லட்சத்தீவில் 239 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல் அட்டைக்கென்றே காப்பகம் அமைந்தது.

தடையால் அட்டை குளித்துப் பிழைத்த இராமநாதபுரம் மாவட்டக் குடும்பங்கள் வருமானம் இழந்தன. கடத்தலும் தொடர்கிறது. அதே பாக் நீரிணையின் மறுகரையில் இலங்கை அரசு உரிமம் கொடுத்து அட்டை எடுக்க அனுமதிக்கிறது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் கரைகளில் அட்டைப் பண்ணைகள் பெருகியிருக்கின்றன. கடலை வேலியிட்டு அடைத்தால் எங்கள் வலைக்கு இடமேது என்று அங்குள்ள சிறு மீனவர்கள் கேட்கிறார்கள். அட்டையைக் காப்பதும் மீனவரைக் காப்பதும் ஒன்றாக நடந்தால்தான் இரண்டும் நிலைக்கும்.

காலம் தாழ்ந்தால் தடையும் உடனே பலன் தராது. ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் இடையேயுள்ள டாரஸ் நீரிணையில் வெள்ளை அட்டை பிடிப்பதை 1998இல் நிறுத்தினார்கள். ஆண்டுகள் பல கடந்தும் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி மீளவில்லை. சிதறிப்போனவை மறுபடி கூடுவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கிறது. வணிக மதிப்புள்ள இனங்கள் பெரும்பாலானவை அடங்கிய பிரிவில் 377 இனங்களை ஆராய்ந்த பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், 16 இனங்களை அழிவு அச்சத்தில் உள்ளவையாகச் செம்பட்டியலில் சேர்த்தது. வெள்ளை அட்டை அவற்றில் ஒன்று. லங்காவிக் கடலிலும் காமாட் அரிதாகி, மூலப்பொருளை வெளியிடங்களிலிருந்து வரவழைக்கும் நிலை எப்போதோ வந்துவிட்டது.

உலகப் படத்தில் பரந்த வாழிடம் இருப்பதால் ஓர் இனம் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணுவது பெருந்தவறு. கடல் அட்டைக்கு வாழிடம் என்பது ஒரு விரிகுடா, ஒரு பாறைத் திட்டு, ஒரு கடற்புல் படுகை. பாதுகாப்பும் அந்த அளவில்தான் தொடங்க வேண்டும். தஞ்சோங் துவானிலும் பூலாவ் பெசாரிலும் எந்த இனங்கள், எத்தனை இருக்கின்றன என்பதை மீன்வளத் துறையும் பல்கலைக்கழகங்களும் ஆண்டுதோறும் கணக்கெடுத்து மக்களுக்குச் சொல்ல வேண்டும். கடலைத் தூர்க்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும் முன்பாக அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நம் தமிழ்ப்பள்ளி அறிவியல் மன்றங்கள் நீர் வற்றும் நேரத்தில் மாணவர்களை ஆசிரியர் துணையோடு அழைத்துப் போய், கண்டதை எண்ணிக் குறித்துவிட்டு எதையும் எடுக்காமல் திரும்பப் பழக்கலாம்.

காமாட் வாங்குவோர் அது எந்தக் கடலிலிருந்து வந்தது, பிடித்ததா வளர்த்ததா என்று கடைக்காரரைக் கேட்கலாம். அதில் உள்ள சில பொருள்கள் ஆய்வுக்கூடத்தில் நல்ல பலன் காட்டியிருந்தாலும், நீரிழிவுக்கும் ஆறாத புண்ணுக்கும் மருத்துவர் தரும் மருந்தை நிறுத்திவிட்டு அதை நம்பக் கூடாது. வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் விற்பவர் பதிலோடு வருவார். அந்தப் பதிலைக் கேட்டுப் பெறும் உரிமை நீரிணையின் கரையில் வாழும் நமக்கு இருக்கிறது. கேட்காமல் விட்டால் இழப்பும் நமக்குத்தான்.